துண்டுக்குள் கை

பாண்டியம்மாளின் உயிருக்கு முதலில் சொன்ன விலை மூன்று கிடாய். நல்லகாமன் அதை ஒரு கிடாய், மூன்று சுருட்டு, ஒரு புட்டி சாராயம் என்று இறக்கினான்.

ஆனையூர்க் கண்மாய்க் கரையில், நட்டு வைத்த வேல்களின் நிழல் அவற்றின் அடியிலேயே சுருண்டு கிடந்த உச்சிப்பொழுதில், கருப்புசாமி கோயிலில் குறி சொல்லும் கோடாங்கி பேயாண்டியின் கையும் நல்லகாமன் கையும் ஒரே துண்டுக்குள் கிடந்து முடித்த பேரம் அது. மாட்டுச் சந்தைப் பழக்கம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, உள்ளங்கையைச் சுரண்டினால் அரை. ஒன்று என்றால் பத்தா, நூறா என்று யாரும் கேட்பதில்லை. எதிரே நிற்கிற மாட்டைப் பார்த்தாலே தெரியும். வாய்விட்டுப் பேசினால் பக்கத்தில் நிற்கிறவன் காது நீளும், கூடவே விலையும் நீளும் என்பதால் தரகு என்பதே மூடிவைத்துச் செய்கிற தொழில். முப்பது வருஷம் அதைச் செய்த கை, சாமியிடம் போனபோதும் தானாகத் துண்டைத் தேடியது. பேயாண்டி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் சந்தைக்குப் போகிறவர்தான்.

"காய்ச்சல் எத்தனை நாளாக் காயுது?"

"இன்னிக்கோட நாலுண்ணே."

"சரி. கருப்புசாமியை உள்ள இறக்கி விடுறேன். அந்த உடம்பு இனிமே நம்ம காவல். வேற எங்கயும் காவல் கேட்டிருக்கியாப்பா?"

"இல்லண்ணே."

"கேட்டா ஒளிக்காம எங்கிட்டச் சொல்லிரு. ஒரு வீட்டுக்கு ரெண்டு காவல் போட்டா, ஆளுக்கு ஆள் அடையாளம் சொல்லி விடணும். இல்லேன்னா உள்ள இருக்கிற இருட்டுல எவன் களவாணி, எவன் காவக்காரன்னு அவங்களுக்கே தெரியாது."

நல்லகாமன் தலையாட்டினான். பேயாண்டி வேல்களைப் பார்த்து, ஏதோ வேலைக்காரனுக்குச் சொல்வதுபோலச் சாதாரணமாக, "உள்ள எவனைக் கண்டாலும் விடாத" என்றார். அவ்வளவுதான். காற்று கூட அசையவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது பாண்டியம்மாளுக்கு இன்னும் பேச்சு இருந்தது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி, காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு கேட்டாள்.

"என்னைய எம்புட்டுக்குய்யா வெலை பேசுன?"

"ஒரு கிடா."

"ஒன்னே ஒன்னா! எங்கப்பன் என்னைய உனக்குக் கட்டிக் குடுக்கையில விருந்துக்கே பதினஞ்சு கிடா வெட்டுனாரு. கேட்டது எம்புட்டு?"

"மூணு."

"குடுத்திருக்கணும்யா. எதையாச்சும் முழு வெலைக்கு வாங்கியிருக்கியா நீ? ஒரு நாளாச்சும்?"

அவனுடைய அக்கா ஒச்சாயி, தம்பி பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ள வந்தவள், வாசலில் கஞ்சி ஆற்றியபடியே சிரித்தாள். "அவன் பிறக்கையிலேயே மருத்துவச்சிகிட்ட எட்டணா குறைச்சவன்டி." பாண்டியம்மாளும் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது என்று அப்போது யாரும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை.

காய்ச்சல் இறங்கவில்லை. எட்டாம் நாள், ஒரு கன்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, மதுரையை வடக்கிலிருந்து தெற்காக நடந்தே கடந்து, அவனியாபுரத்துக்கு அந்தப்பக்கம் இருந்த அய்யனார் கோயிலில் போய் நின்றான். பதினோராம் நாள், செல்லூருக்கு மருந்து வாங்கப் போனவன், தறிச் சத்தம் ஓய்கிற சந்து முடிவில் வைகைக் கரை முனியாண்டியிடம் போய் நின்றான். இரண்டு இடத்திலும் பூசாரிகள் பேயாண்டி கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் நல்லகாமன் கண் சிமிட்டாமல் "இல்லை சாமி" என்றான். ஒரே மாட்டுக்கு மூன்று தரகர் அலைகிறார்கள் என்று தெரிந்தால் விற்கிறவன் மீசையை முறுக்குவான். சந்தையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். சாமிக்கும் அதே கணக்குத்தான் என்று அவன் எடுத்துக்கொண்டான். மூன்று காவல். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர். மூவருக்கும் ஒரே கட்டளை. திரும்பி நடக்கையில், ஒன்றுக்கு மூன்றாகப் போட்டு வைத்திருக்கிறோம் என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மாடுகள் தின்னவில்லை.

தொழுவத்தில் மூன்று நின்றன: விற்பதற்குப் பிடித்து வைத்திருந்த புலிக்குளம் காளை ஜோடி, கறவைப் பசு ஒன்று. போட்ட கூளம் போட்டபடி கிடந்தது. மாடு தின்னாமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு. அவன் பல்லைப் பார்த்தான், நாக்கைப் பார்த்தான், காது மடலைத் தொட்டான். நோய் இல்லை. பிறகுதான் கவனித்தான். கயிறு எவ்வளவு விட்டதோ அவ்வளவுக்கும் திரும்பி, மூன்றும் வீட்டுக்குள் பாண்டியம்மாள் கிடந்த அறையின் நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தன. ஈ மொய்த்தும் வால் அசையவில்லை. புலியின் வாடை பிடித்த மாடு இப்படி நிற்கும் என்று மலையடிவாரத்துச் சந்தையில் கேள்விப்பட்டிருக்கிறான். ஆனையூரில் ஏது புலி.

உள்ளே போனான். உச்சிப்பொழுது. ஓடுகள் வெயிலில் டிக் டிக்கென்று நெட்டி முறித்தன. வேப்பிலை, மண்ணெண்ணெய், பார்லிக் கஞ்சி, பன்னிரண்டு நாள் வியர்வை, இவற்றின் அடியில் அவள் மூச்சிலிருந்து புழுங்கல் நெல் அவிகிறாற்போல ஒரு வாடை. கட்டிலோரம் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஆயிரக்கணக்கான கைகளைத் துண்டுக்குள் பிடித்த விரல்கள் அவை. எதிராளி கை நடுங்கினால் அவன் கடன்காரன், வியர்த்தால் திருட்டு மாடு என்று சொல்லிவிடும். இப்போது அவை சொன்ன சேதி அவனுக்குப் பிடிபடவில்லை. நாடி ஒன்றாக ஓடவில்லை. ஒரு தட்டு, உடனே அதன் குதிகாலை மிதித்தாற்போல இன்னொரு தட்டு. சேர்ந்து நடக்கத் தெரியாத இரண்டு பேர் ஒரே சந்துக்குள் நடக்கிற மாதிரி.

செல்லூர் டாக்டர் விஸ்வேஸ்வரன் சாயங்காலம் சைக்கிளில் வந்தார். ஜெர்மன் சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது, அவர் காரைக் கோழிகளுக்கு விட்டுவிட்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பயப்படாதே. டைபாய்டுன்னா நாடி இப்படி ரெண்டாத் தட்டும். புஸ்தகத்திலேயே இருக்கு."

"புத்தகத்துல இருந்தாச் சரிங்கய்யா. உள்ள என்னதான் நடக்குது?"

டாக்டர் களைத்திருந்தார். அந்த மாசம் அவர் பார்க்கிற நாற்பதாவது காய்ச்சல். களைத்தவர்கள்தான் உண்மையைச் சொல்கிறார்கள்.

"கிருமி குடல்லே குடியேறும். அதைப் பிடிக்க உடம்பு தன் ஆட்களை அனுப்பும். காவல் ஆட்கள்னு வெச்சுக்கோயேன். அத்தனை பேரும் ஒரே இடத்துல போய்க் கூடுவா. கூட்டம் தாங்காம அந்த இடம் வீங்கும், அழுகும், உதிரும். மூணாவது வாரத்துல குடல் காகிதம் மாதிரி ஆயிடும். அதனாலதான் சோறு கூடாது, எழுந்திருக்கக் கூடாதுங்கறேன். நெஜமாச் சொன்னா, கிருமி பண்ற சேதம் கொஞ்சம். காக்க வந்தவா பண்றதுதான் அதிகம்."

நல்லகாமன் அவள் போர்வையை இழுத்து விட்டான்.

"காவல் ஆள் அதிகமாப் போனா?" என்று மெல்லக் கேட்டான்.

"அதான் காய்ச்சல்" என்றார் டாக்டர், பையை மூடிக்கொண்டே.

அதன்பிறகு நாட்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து விழுந்தன. அவளுக்குப் பேச்சு போய் முனகல் வந்தது. கண் பாதி திறந்திருக்கும், எதையும் பார்க்காது. ஒச்சாயி ராத்திரியைப் பார்த்துக்கொள்ள, பகலை நல்லகாமன் பார்த்துக்கொண்டான். பகல்தான் மோசமாக இருந்தது. வெயில் ஏற ஏறக் காய்ச்சல் ஏறும், தெருவில் ஆள் நடமாட்டம் அற்றுப்போகும், காக்கை கூட வாயைத் திறந்துகொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும். அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. டொக். கொஞ்சம் பொறுத்து, டொக். ஊர்க் காவல்காரன் கம்பைத் தரையில் ஊன்றி நடக்கிற சத்தம். முதலில் தெரு என்று நினைத்தான். எட்டிப் பார்த்தால் வெறும் வெயில். பிறகு கொல்லை என்று நினைத்தான். பிறகு, வேண்டாத ஒரு யோசனை வந்து, குனிந்து, விம்மிக் கல்லாகிக் கிடந்த அவள் வயிற்றில் காதை வைத்தான்.

டொக்.

தொலைவில். மிகத் தொலைவில், ஓர் ஊரின் மறுகோடியிலிருந்து வருவதுபோல. இன்னொரு திசையிலிருந்து இன்னொன்று, டொக். இரண்டும் நின்றன. ஒன்றையொன்று கேட்டுவிட்டதுபோல நின்றன. பிறகு, ஓடுகிற காலடிகள்.

பாண்டியம்மாள் முதுகை வில்லாக வளைத்து ஊளையிட்டாள். மூச்சில் சுருட்டு வாடை அடித்தது.

அன்றைக்கு நாடியைப் பிடித்தபோது மூன்று தட்டு இருந்தது. டாக்டர் பார்த்தபோது இரண்டுதான் என்றார். நல்லகாமன் வாதாடவில்லை. இரண்டு வரைதான் புத்தகத்தில் இருந்தது.

பதினேழாம் நாள் டாக்டர் ஒரு சீட்டோடு வந்தார். முகத்தில் சந்தோஷம் இருக்க வேண்டிய இடத்தில் யோசனை இருந்தது.

"ரத்தத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தேனோல்லியோ, பதில் வந்துடுத்து. கிருமி இல்லை. ஒண்ணு கூட வளரலையாம்."

"செத்துப்போச்சா?"

"போன மாதிரிதான் இருக்கு."

"அப்ப ஏன்யா நூத்தி நாலு காயுது? உள்ள இன்னும் சண்டை நடக்குதே! யாரோட நடக்குது?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "அது அவாளுக்கே தெரியறதில்லை, நல்லகாமன்" என்றார்.

போகும்போது அவள் விரல்களைப் பார்த்தார். அவை போர்வையைப் பிடிப்பதும் விடுவதும் பிறாண்டுவதுமாக இருந்தன. "இதுவும் இந்தக் காய்ச்சல்ல சகஜம்தான். துணியைப் பிறாண்டிண்டே இருப்பா. பார்க்க நன்னா இருக்காது, அவ்வளவுதான்."

டாக்டர் பார்த்தது பிறாண்டல். நல்லகாமன் பார்த்தது வேறு. சைக்கிள் சத்தம் தேய்ந்த பிறகும் அவன் அந்த விரல்களைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தது போர்வைக்குள் எதுவோ. விட்டது. மூன்று. விட்டது. உள்ளங்கையில் ஒரு சுரண்டல். பிறகு வெடுக்கென்று உதறல்: பேரம் முறிந்தது என்பதற்குச் சந்தையில் அதுதான் அடையாளம். மறுபடி முதலிலிருந்து.

பாண்டியம்மாள் வாழ்நாளில் மாட்டுச் சந்தைக்குள் கால் வைத்ததில்லை. துண்டுக்குள் நடப்பது பெண்களுக்குத் தெரியாது. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை.

இருபதாம் நாள் கண்மாய்க் கரைக்கு ஓடினான். பேயாண்டியின் காலில் விழுந்து மூன்று காவலையும் சொன்னான். பேயாண்டி திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை. இடுப்புத் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, வேல்களைவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

"மூணு பேரையுமா? அடையாளம் சொல்லாமயா?"

"தெரியாமச் செஞ்சுட்டேண்ணே."

"தெரிஞ்சுதான்யா செஞ்ச. களவாணி என்னைக்கோ செத்துட்டான். இப்ப அவனுக்கு இவன் களவாணி, இவனுக்கு அவன் களவாணி. எவனும் கிடைக்கலேன்னா, சுவத்தையும் கதவையும் வெட்டுவாங்க. வீட்டுக்காரியே எதிர்ல வந்தாலும் வெட்டுவாங்க. விடாதன்னுதான சொல்லி விட்டிருக்கு."

"நீங்க வந்து கருப்புசாமியைக் கூப்பிட்டுக்கங்கண்ணே. உங்க குரலுக்கு வருவாருல்ல."

"நான் வரமாட்டேன்." பேயாண்டி இதை யோசிக்காமலே சொன்னார். "மூணு பேரு கம்போட நிக்கிற இருட்டுல ஒருத்தனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா, மத்த ரெண்டு பேரும் அந்தக் குரலைப் பிடிச்சுக்கிட்டு வந்துருவாங்க. நீ கூப்பிட்ட காவல். நீயே அனுப்பு. நாளைக்கு உச்சிக்கு அவ கை மேல துண்டைப் போடு. ஒவ்வொருத்தனா வந்து கேப்பான். கேட்டதைக் குடுக்கிறேன்னு பிடி. போயிருவாங்க." ஒரு கணம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏப்பா, வெலை மட்டும் பேசிராத."

"எம் பொண்டாட்டிண்ணே. பேசுவனா?"

"பேசிராத" என்றார் பேயாண்டி மறுபடியும்.

இருபத்தோராம் நாள். டாக்டர் சொன்ன மூன்றாவது வாரத்தின் கடைசி நாள். ஒச்சாயியைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு நல்லகாமன் கதவைச் சாத்தினான், ஜன்னலை மட்டும் திறந்து வைத்தான். அங்கிருந்து தொழுவம் தெரியும். மூன்று மாடுகளும் விலா எலும்பு தெரிய நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்பது நாளாக அவை படுத்ததில்லை. அவனும்தான். கண்ணுக்குள் மணல் கிடந்தது. பயத்தைவிடக் களைப்பு பெரிதாக இருந்தது. எப்படியாவது இது முடிந்தால் போதும், முடிந்து இந்தத் தரையில் இப்படியே சாய்ந்தால் போதும் என்று உடம்பு கெஞ்சியது. பாண்டியம்மாள் பிணத்தின் நிறத்தில் கிடந்தாள். வயிறு மட்டும் ஏறி இறங்கிற்று. மூச்சோடு சேராமல், தன் போக்கில்.

தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் வலக்கை மேல் போட்டான். தன் கையை உள்ளே விட்டான்.

முதலில் அவள் கைதான். காய்ந்து, சூடாக, சுள்ளிபோல. பிறகு அது கனத்தது. விரல்கள் நீண்டன போலிருந்தது. உள்ளங்கையில் கம்பு பிடித்துக் காய்ப்பேறிய தோல். அவன் சுட்டுவிரலை அது பிடித்தது. ஒன்று. பேயாண்டியிடம் பேசிய விலை, கூடவுமில்லை குறையவுமில்லை. கருப்பு நாணயமான ஆள். நல்லகாமன் முழுக் கையால் இறுக்கினான்: முடிந்தது.

டொக். டொக். டொக். சத்தம் கட்டிலிலிருந்து இறங்கி, நிலைப்படியைத் தாண்டி, முற்றத்தில் நடந்து, தேய்ந்தது. வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. செவலைக் காளை பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்திக் கூளத்தை முகர்ந்தது.

மணிக்கட்டில் இரண்டு தட்டு.

இரண்டாவது கை வந்தது. மெலிந்த கை, ஈரமான கை, நகம் நீண்ட கை. மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தது. அவனியாபுரத்தில் பேசியது ஒன்றரை. இரண்டு மடங்கு! நெஞ்சு வரைக்கும் வார்த்தை வந்தது. பல்லைக் கடித்தான். விரல்கள் தாமாக நகரப் பார்த்தன. மண்டியிட்டிருந்த காலால் தரையை உதைத்து அவற்றை அடக்கினான். இறுக்கினான். முடிந்தது.

காலடிகள் ஓடி மறைந்தன. இரண்டாவது காளை தலையைத் தாழ்த்தியது. பசு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு தட்டு. அதன்கூட, மெல்ல, நிழல்போல, இன்னொன்று.

மூன்றாவது, முனியாண்டியின் கை, உடனே வரவில்லை. ஓடு நெட்டி முறிக்கும் சத்தம். ஒரு ஈ. அவன் கண்கள் மூடிக்கொண்டன. ஒரு நொடி தூங்கியே போனான் என்றுதான் சொல்ல வேண்டும். தூக்கத்தில் உசிலம்பட்டிச் சந்தை தெரிந்தது, புழுதி, மணிச் சத்தம், துண்டுக்குள் யாரோ கையைக் கொடுத்தார்கள். இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தார்கள். இரண்டு.

முப்பது வருஷப் பழக்கம். அவன் விரல் அவனைக் கேட்கவில்லை.

ஒன்று, என்று அழுத்தியது.

கண்ணைத் திறந்தான். துண்டு அசையாமல் கிடந்தது. உள்ளே, அந்தக் கை யோசித்தது. பிறகு, சந்தையில் எந்தத் தரகனும் பயப்படுகிற அந்தக் காரியத்தைச் செய்தது: மறுபேச்சு பேசாமல், உடனே, சந்தோஷமாக, இறுக்கியது.

முடிந்தது.

எதில் ஒன்று? அவன் கேட்கவில்லை. எதிரே மாடு இல்லை, அந்த அறையில் இருந்தது இரண்டு உயிர். கிடாய் என்று இவனாக நினைத்தான். இரண்டு கேட்டது எதை?

காலடிச் சத்தத்துக்குக் காத்திருந்தான். வரவில்லை.

வந்தது வியர்வை. பாண்டியம்மாளின் நெற்றியில் முத்து முத்தாக. கழுத்தில். இருபத்தொரு நாளில் முதல் தடவையாக. வயிறு தளர்ந்து அடங்கியது. புழுங்கல் நெல் வாடை போய், வெறும் மனுஷ வாடை. அவள் கண்ணைத் திறந்தாள். திறந்து, பார்த்தாள். அவனைத்தான் பார்த்தாள்.

"இந்தாய்யா" என்றாள். குரல் கிழிந்திருந்தது, ஆனால் அவள் குரல். "ஏன் இப்படி உக்காந்திருக்க? மாட்டுக்குக் கூளம் போட்டியா?"

அவனுக்கு அழுகை வந்தது. தலையை மட்டும் ஆட்டினான்.

"முடியெல்லாம் பிசுபிசுன்னு மூஞ்சியில கெடக்கு" என்று முனகினாள். கையைத் தூக்கினாள். கலைந்து ஒட்டிக்கிடந்த கூந்தலை வாரிச் சேர்த்து, நடுங்கி நடுங்கி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டாள்.

இரண்டு கையாலும்.

நல்லகாமன் அவள் வலக்கையைப் பார்த்தான். இடக்கையைப் பார்த்தான். கட்டிலில் கிடந்த துண்டைப் பார்த்தான்.

துண்டுக்குள் அவன் கை இன்னும் பிடிபட்டிருந்தது.

இழுத்தான். வரவில்லை. முரட்டுத்தனம் இல்லை, வேலையில் இருக்கிற ஆளின் நிதானமான பிடி. அவள் எட்டி, அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள். குளிர்ந்த கை.

"ஏய்யா, உனக்கு ஏன் இப்படிக் கொதிக்குது?"

ஜன்னலுக்கு வெளியே பசு தலையைத் திருப்பியது. நிலைப்படியை விட்டது. கட்டிலை விட்டது. அவனைப் பார்த்தது.

துண்டின் மடிப்பு மெல்ல ஏறி, அவன் விரல்களை விட்டு, மணிக்கட்டுக்கு வந்தது. நாடி பார்க்கிறவரைப்போல அங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டது. அவன் தன் நாடியைக் கேட்டான். ஒரு தட்டு. உடனே, அதன் குதிகாலை மிதித்துக்கொண்டு, இன்னொன்று.

டொக்.

தரகன் மூளை, அந்த நேரத்திலும், தன் வேலையை விடவில்லை. உள்ளே விட்டது மூன்று. வெளியே போனது இரண்டு. கேட்டது இரண்டு. கொடுத்தது ஒன்று.

பாக்கி, ஒன்று.